மடைப்பள்ளியில் ஒரு கருவறை

17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரின் வோஜிரார் தெருவில், அவிலாவின் புனித தெரசா சீர்திருத்திய கார்மேல் சபையைச் சேர்ந்த ஆண் துறவியர் மடம் ஒன்று இருந்தது. அதன் சமையற்கட்டில் ஏறத்தாழ 15 ஆண்டுகள் பணிபுரிந்தவர் சகோதரர் லாரன்ஸ். திருப்பலி நிறைவேற்றும் குருத்துறவியருள் அவர் ஒருவரல்லர். மடத்தின் உடலுழைப்பை ஏற்றுச் செய்யும் எளிய சகோதரர். தம் பெயரில் நூல் எதையும் வெளியிட்டவரும் அல்லர். அவர் மறைந்தபின் வெளிவந்த சில கடிதங்களும் சில உரையாடல்களுமே 300 ஆண்டுகளுக்கும் மேலாகக் கிறிஸ்தவ சாதகர்களின் கைகளில் இருந்து வருகின்றன.

அவரைப் பற்றிய செய்திகளுள் ஒன்றைப் பலரும் விரைந்து கடந்துவிடுகின்றனர். சமையல் வேலை அவருக்குப் பிடிக்காது. இயல்பிலேயே அதன்மீது அவருக்குப் பெரும் வெறுப்பு இருந்தது. அதை அவர் ஒளிக்கவும் இல்லை. ஆயினும் அந்த அடுப்படியில் அவர் நிறைந்த மனத்தோடு இருந்தார் என்று அவரை அறிந்தவர்கள் அனைவரும் ஒரே குரலில் கூறினர்.

பிடிக்காத வேலை, குறையாத நிறைவு. இவ்விரண்டும் ஓர் உள்ளத்தில் எவ்வாறு ஒருங்கே தங்கும்? வேலை நாளடைவில் பிடித்துப்போயிருக்கும் என்று சிலர் விளக்குவர். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார், அதையே மற்றவர்கள் நிறைவென்று கண்டனர் என்று வேறு சிலர் கூறுவர். முதல் விளக்கம் அவருடைய சொல்லுக்கே முரணானது. இரண்டாவது, அவரைக் கண்டவர்களின் சாட்சியத்துக்கு முரணானது. கிறிஸ்தவ மரபு தரும் விடை வேறு: இறைவன் அவருள் குடிகொண்டிருந்தார், அதனால் அவருக்குக் குறையில்லை.

இந்த விடை பக்திக்கு இனிமையானது. சிந்தனைக்கு அத்தனை எளிதன்று. ஏனெனில் கிறிஸ்தவக் கோட்பாட்டின்படி இறைவனின் ஆவி ஒரு சில மகான்களுக்குள் மட்டும் குடியிருப்பதில்லை. விசுவாசிகள் அனைவருக்குள்ளும் குடியிருக்கிறது. அப்படியானால் அவர்கள் அனைவரும் மனநிறைவோடு இருக்க வேண்டுமே! அவ்வாறு இல்லை என்பதை அறிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. ஒன்று, 'உள்ளே குடியிருத்தல்' என்பது வெறும் அலங்காரச் சொல்லாக இருக்க வேண்டும். அல்லது, வீட்டில் விருந்தினர் இருந்தும் வீட்டுக்காரர் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கக் கூடும்.

கருவறை என்ற சொல்

புனித பவுல் கிரேக்க மொழியில் எழுதினார். அம்மொழியில் கோயிலைக் குறிக்க இரு சொற்கள் உண்டு. 'ஹியரோன்' என்பது மதில், வாசல், முற்றம், மண்டபம் உள்ளிட்ட முழு வளாகம். 'நாவோஸ்' என்பது தெய்வம் உறையும் உள்ளிடம். கோபுரத்துக்கும் கர்ப்பக்கிருகத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுவயது முதலே கண்ணாரக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜெருசலேம் ஆலயத்தின் வெளிமுற்றத்துக்கு எந்த நாட்டவரும் வரலாம். அதன் மகா பரிசுத்த இடத்துக்கோ தலைமைக்குரு ஒருவரே, அதுவும் ஆண்டுக்கு ஒரு நாள் மட்டுமே நுழைவார்.

கொரிந்து நகரத்து மக்களுக்கு எழுதிய முதல் கடிதத்தில், நீங்கள் இறைவனின் கோயில் என்று பவுல் கூறும்போது கையாளும் சொல் 'நாவோஸ்'. மதிலும் முற்றமும் அல்ல, கருவறை.

யாரிடம் இதைக் கூறினார் என்பது அதைவிட வியப்பானது. கொரிந்துச் சபையினர் ஆளுக்கொரு தலைவரைச் சொல்லிக் கட்சி பிரிந்து நின்றவர்கள். ஒருவர்மீதொருவர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்கள். பொது விருந்தில் வசதி படைத்தோர் முன்னதாக உண்டு முடிக்க, ஏழைகள் பசியோடு அமர்ந்திருந்த சபை அது. அவர்களைக் கண்டிக்கும் கடிதத்தின் நடுவில்தான் பவுல் இந்த உண்மையை நினைவூட்டுகிறார். திருந்தினால் இறைவன் உங்களுள் வருவார் என்று அவர் சொல்லவில்லை. ஏற்கெனவே இருக்கிறார், அதை மறந்து எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்கும் தொனியே அங்குள்ளது. இறைவன் உள்ளுறைவது நல்லொழுக்கத்துக்குக் கிடைக்கும் கூலியன்று. அது முன்னரே அளிக்கப்பட்டுவிட்டது.

பெறவேண்டியது ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டதெனில், மனநிறைவு இன்னும் எதையோ அடைவதால் வருவதாக இருக்க முடியாது. தெரசா அம்மையார் 1577-இல் எழுதிய 'உள்ளகக் கோட்டை' நூலில் ஆன்மாவை அடுக்கடுக்கான அறைகள் கொண்ட கோட்டையாகக் காட்டுகிறார். நடு அறையில் அரசர் வீற்றிருக்கிறார். பெரும்பாலோர் கோட்டையின் புறச்சுவரைச் சுற்றியே காலம் கழித்துவிடுகின்றனர், உள்ளே யார் இருக்கிறார் என்று கேட்பதுகூட இல்லை என்பது அம்மையாரின் ஆதங்கம். லாரன்ஸ் சேர்ந்தது அவருடைய மரபில்தான்.

மூன்று தமிழ்ச் சொற்கள்

பவுல் சிறையிலிருந்து பிலிப்பி நகர மக்களுக்கு எழுதிய கடிதத்தின் இறுதிப் பகுதி நன்றிக் கடிதம் போன்றது. அம்மக்கள் எப்பப்பிரோதித்து என்ற அன்பரிடம் உதவிப் பொருள் கொடுத்து அனுப்பியிருந்தனர். அவர் நோயுற்று மரணத்தின் வாயில்வரை சென்று மீண்டவர். அந்த உதவியை மகிழ்ச்சியோடு ஏற்கும் பவுல், தாம் குறையுற்றதனால் இதைச் சொல்லவில்லை என்று விளக்குகிறார். எந்நிலையிலும் நிறைவாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகக் கூறுகிறார்.

'நிறைவு' என்பதற்கு அவர் அங்கே கையாளும் 'அவுதார்க்கெஸ்' என்ற சொல் ஸ்தோயிக்கத் தத்துவவாதிகள் பெரிதும் போற்றியது. தனக்குத் தானே போதுமானவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஸ்தோயிக்க ஞானி மதில் சூழ்ந்த நகரம் போன்றவர். வெளியிலிருந்து எதுவும் அவருக்கு வேண்டியதில்லை, வெளியிலிருந்து எதுவும் அவரைத் தாக்குவதுமில்லை. (அதே காலத்தில் ரோமில் இந்தத் தன்னிறைவைப் பற்றி அழகாக எழுதிய செனெகா, அந்நகரின் பெருஞ்செல்வர்களுள் ஒருவர் என்பதையும் நினைவில் கொள்ளலாம்.) பவுல் சொல்லை எடுத்துக்கொண்டார், அதன் அடித்தளத்தை மாற்றிவிட்டார். அவருடைய ஆற்றல் அவருடையதன்று; தம்முள் இருந்து வலுவூட்டும் இன்னொருவரால் தமக்கு எல்லாம் இயலும் என்கிறார். தன்னிறைவு என்ற சொல்லிலிருந்து 'தன்' என்பதை நீக்கியபின் எஞ்சுவது எதுவோ, அதுவே அவர் கூறும் நிறைவு.

இந்த நிறைவைக் 'கற்றுக்கொண்டேன்' என்றே பவுல் எழுதுகிறார். அடுத்த வரியில் இன்னும் நுட்பமாக, மறைவழிபாடுகளில் தீட்சை பெறுவதைக் குறிக்கும் வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறார். பசியும் பட்டினியும், உபரியும் செழிப்பும் அவருக்குத் தீட்சையளித்த குருமார் ஆயின. இறைவன் உள்ளுறைவது கொடையாக வந்தது. நிறைவோ காலத்தால் கற்ற பாடம்.

தமிழ்ச் சபைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழைய வேதாகம மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் 'மனரம்மியம்' என்ற சொல்லைத் தருகிறது. இதே வேரிலிருந்து பிறந்த 'அவுதார்க்கெயா' என்ற சொல் வேறு இரண்டு இடங்களிலும் வருகிறது. தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் கடிதத்தில் அது போதும் என்கிற மனமாகிறது. கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தில் சம்பூரணமாகிறது. ஒரே வேர், மூன்று தமிழ்ச் சொற்கள். மொழிபெயர்ப்பின் கட்டுப்பாட்டை நோக்க இது ஒரு குறைதான். மூலத்தில் உள்ள உறவு தமிழில் தெரியாமல் போகிறது. ஆனால் பொருளை நோக்க, அந்தப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் அறிந்தோ அறியாமலோ ஒரு நன்மை செய்துள்ளனர். போதும் என்ற மனம் ஆசைக்கு எல்லை கட்டுகிறது. மனரம்மியம் அந்த எல்லைக்குள் ஓர் இனிமை உண்டு என்கிறது; விலங்கு பூண்ட கைதி ஒருவரின் வாயில் வரும்போது அச்சொல் தனி ஒளி பெறுகிறது. சம்பூரணமோ எல்லையைக் கடந்து வழியும் நிறைவு.

மூன்றாவது சொல் வரும் இடம் மிக முக்கியமானது. மனநிறைவு பற்றிய எந்தப் பேச்சுக்கும் நியாயமான ஒரு மறுப்பு உண்டு: உள்ளதைக் கொண்டு நிறைவுகொள் என்ற உபதேசம் யாருக்குப் பயன்படுகிறது? பெரும்பாலும் மேலே இருப்பவருக்கு. கீழே இருப்பவர் வாய்மூடி இருக்க அது வசதியான கருவி. சகோதரர் லாரன்ஸ் வாழ்ந்த மடத்திலும் குருத்துறவியருக்கும் உழைக்கும் சகோதரருக்கும் இடையே தெளிவான மேல்கீழ் இருந்தது. அடுப்படியில் இருப்பவர் நிறைவாக இருந்தால் உண்பவர்களுக்கு நல்லதுதானே என்று ஒருவர் கசப்போடு கேட்டால், அந்தக் கேள்வியைப் புறந்தள்ள இயலாது.

பவுல் அந்த மூன்றாவது சொல்லை எழுதியது ஜெருசலேமில் வறுமையில் வாடிய மக்களுக்காக நிதி திரட்டும்போது. கையில் பொருளிருந்த கொரிந்து மக்களிடம், இறைவன் உங்களுக்கு எல்லாவற்றிலும் நிறைவளிப்பார் என்கிறார், எதற்காக? நற்செயல்களில் அவர்கள் பெருகுவதற்காக. பசித்திருந்த ஜெருசலேம் மக்களிடம் நிறைவாய் இருங்கள் என்று அவர் செய்தி அனுப்பவில்லை. அவர்களுக்குப் பணம் திரட்டினார். 'போதும்' என்ற சொல் கொடுக்க வேண்டியவரை நோக்கிச் சொல்லப்பட்டது. தம்மைப் பற்றி மட்டும், சிறையில் இருந்தபடி, எனக்குக் குறையில்லை என்றார். மனநிறைவு என்பது ஒருவர் தம்மைக் குறித்துச் சொல்லக்கூடியது. பிறர் தோளில் அதை ஏற்றிவைக்கும்போது அதன் பெயர் மாறிவிடுகிறது.

பத்தாண்டு இருள்

லாரன்ஸின் இயற்பெயர் நிக்கோலா ஹெர்மான். 1614-ஆம் ஆண்டையொட்டி லொரேன் நாட்டில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். 18 வயதில், குளிர்காலத்தில் இலையுதிர்ந்து நின்ற மரம் ஒன்றைக் கண்டார். இன்னும் சில காலத்தில் இதில் இலை துளிர்க்கும், பூ வரும், கனி வரும் என்ற எண்ணம் எழுந்தது. இறைவனின் பராமரிப்பும் ஆற்றலும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன; அப்பதிவு ஒருநாளும் அழியவில்லை என்று முதுமையிலும் கூறினார். ஆனால் அந்த அனுபவம் அவரை உடனே துறவியாக்கிவிடவில்லை. முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்தார். ஒற்றன் என்ற ஐயத்தில் ஜெர்மானியப் படைகளிடம் சிக்கித் தூக்குமேடையின் அருகுவரை சென்று தப்பினார். பிறகு காயமுற்றார், காலில் ஏற்பட்ட ஊனம் கடைசிவரை தொடர்ந்தது. அரசாங்கக் கருவூல அலுவலர் ஒருவரிடம் பணியாளாக இருந்தார். கைபட்டதையெல்லாம் உடைக்கும் மந்தமானவன் என்று தம்மைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டார்.

1640-இல் அவர் மடத்தில் சேர்ந்ததற்கான காரணம் சற்று விநோதமானது. தம்முடைய தவறுகளுக்கெல்லாம் அங்கே தோலை உரித்துவிடுவார்கள், அப்படியே தம் வாழ்வை இறைவனுக்குப் பலியாக்கிவிடலாம் என்று எண்ணினார். ஆனால் அங்கே நிறைவைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லையாம். இறைவன் தம்மை ஏமாற்றிவிட்டார் என்று வேடிக்கையாகக் கூறுவார்.

இந்த வேடிக்கைப் பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு அவரை எப்போதும் புன்னகைக்கும் சமையல்காரராகச் சித்திரிப்பது எளிது. பல பக்தி நூல்கள் அதைத்தான் செய்துள்ளன. உண்மையில் மடத்துக்கு வந்தபின் ஏறத்தாழ பத்தாண்டுகள் அவர் கடும் மனவேதனையில் இருந்தார். அதில் நான்கு ஆண்டுகள், தாம் நரகத்துக்கு உரியவர் என்பதில் அவருக்கு ஐயமே இருக்கவில்லை. உலகத்தோர் அனைவரும் சேர்ந்து சொன்னாலும் அந்த எண்ணத்தை மாற்றியிருக்க முடியாது. தம் பாவங்களும், அவற்றையும் மீறி இறைவன் அளித்த அருளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஆகவே தாம் பெற்றது அருளே அல்ல, வெறும் பிரமை என்று அஞ்சினார்.

இறைவன் உள்ளே குடியிருந்த காலம்தான் அதுவும். கோட்பாட்டின்படி கருவறை காலியாக இல்லை. ஆயினும் வாசலில் நின்றவருக்கு விளக்கொளி தெரியவில்லை.

இருள் எவ்வாறு நீங்கியது என்பதை அவர் விவரித்த விதத்தில் அற்புதக் காட்சி எதுவும் இல்லை. ஒருநாள் அவர் தமக்குள் இவ்வாறு நியாயம் கூறிக்கொண்டார்: மடத்துக்கு வந்தது இறைவன்மீதுள்ள அன்பினால், செய்ததெல்லாம் அவருக்காக. அழிந்தாலும் சரி, மீட்கப்பட்டாலும் சரி, இனியும் அவருக்காகவே செய்வது. இறக்கும்வரை அவரை நேசிக்கத் தம்மால் இயன்றதைச் செய்தோம் என்ற இந்த ஒன்றாவது மிஞ்சும். இதற்குப் பிறகு அவர் சொர்க்கத்தையும் நினைக்கவில்லை, நரகத்தையும் நினைக்கவில்லை. பெருஞ்சுதந்திரமும் இடையறாத மகிழ்ச்சியும் அவருக்கு வாய்த்தன.

நிறைவைத் தேடுவதை அவர் விட்டபோது அது வந்தது. அதுவரை அவர் ஒரு கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்: என் நிலை என்ன, நான் தேறினேனா, நான் பெற்றது மெய்யா? அந்தக் கணக்கேட்டில் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் 'நான்'. மனநிறைவைத் தேடுபவரும் இதே கணக்கைத்தான் பார்க்கிறார். நிறைந்ததா, இன்னும் நிறையவில்லையா என்று நாழிகைக்கு ஒருமுறை பாத்திரத்தை எட்டிப் பார்க்கிறார். அடிக்கடி மூடியைத் திறந்தால் சோறு வேகாது என்பது எந்தச் சமையல்காரருக்கும் தெரியும். லாரன்ஸ் மூடியை மூடிவிட்டுக் கைவேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

அதனால்தான் வேலைமீதிருந்த வெறுப்பு அவருடைய நிறைவைத் தொடவில்லை. பிடித்ததும் பிடிக்காததும் முற்றத்துச் சந்தடிகள். வாணலியில் ஆம்லெட்டைத் திருப்பிப் போடுவதை இறைவனுக்காகச் செய்தார். அது முடிந்து வேறு வேலை இல்லையென்றால் தரையில் விழுந்து அவரை வணங்கினார். தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுப்பதும் அவருக்காகவே. தவறு செய்தபோது, தன்னிடம் விட்டால் இதைத்தவிர வேறென்ன செய்வேன் என்று இறைவனிடம் ஒப்புக்கொண்டு, அதையே எண்ணி மறுகாமல் அடுத்த வேலைக்குச் சென்றார். சிந்தை நழுவியபோதும் பதற்றமின்றி அழைத்து வந்தார். இதுவும் ஒரே நாளில் கைகூடவில்லை, தொடக்கத்தில் பெரும் முயற்சி தேவைப்பட்டது என்பதை அவர் மறைக்கவில்லை.

ஓர் ஐயம்

மீட்பையே பொருட்படுத்தாத நிறைவு சரியானதுதானா? கத்தோலிக்கத் திருச்சபை இந்தக் கேள்வியை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. லாரன்ஸ் 1691 பிப்ரவரி 12 அன்று மறைந்தார். அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சில் 'மௌனவாதம்' என்னும் போக்கைப் பற்றிப் பெரும் சர்ச்சை மூண்டது. ஆன்மா தன் மீட்பைக்கூட விரும்பாத தூய அன்பில் நிலைபெற முடியுமா என்பது அதன் மையம். லாரன்ஸை நோய்ப்படுக்கையில் சந்தித்தவரும் அவரைப் போற்றியவருமான பேராயர் ஃபெனலோன் அத்தகைய அன்பை ஆதரித்து எழுதினார். 1699-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்ட் அவர் நூலின் கருத்துகள் சிலவற்றைக் கண்டித்தார். அதன் நிழல் லாரன்ஸ்மீதும் விழுந்தது. அவருடைய சொந்த நாட்டில் அவர் நூல் மங்கியிருந்த காலத்தில் புராட்டஸ்டன்டுகளே அதைப் போற்றிக் காத்தனர். இங்கிலாந்தில் ஜான் வெஸ்லி அதைத் தம்முடைய 'கிறிஸ்தவ நூலகம்' வரிசையில் சேர்த்துக்கொண்டார்.

திருச்சபையின் அச்சத்தில் நியாயம் இருந்தது. எதிர்நோக்கு கிறிஸ்தவத்தில் ஒரு நற்பண்பு. அதைக் கொன்று பெறும் அமைதி, பிணத்தின் அமைதியாகிவிடக்கூடும். மேலும், 'எனக்கு எந்த விருப்பமும் இல்லை' என்ற நிலையையே ஒருவர் இலக்காக வைத்துக்கொண்டால், அதுவும் 'நான்' என்பதன் புதியதொரு சம்பாத்தியம் ஆகிவிடும்.

லாரன்ஸிடம் அந்த இலக்கு இருந்ததாகத் தெரியவில்லை. விருப்பமின்மையை ஒரு முறையாக வகுத்து அவர் யாருக்கும் போதிக்கவில்லை. வேறு வழியே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு அவர் எடுத்த முடிவு அது. அதை எடுத்தபின் கைகட்டி அமரவும் இல்லை. மடத்துக்கு மதுரசம் வாங்கிவரப் பர்கண்டிக்கு அனுப்பினார்கள். வாணிபத் திறன் அவருக்குக் கிடையாது. கால் ஊனத்தினால் படகில் நடக்க முடியாமல் பீப்பாய்களின்மீது உருண்டுதான் நகர்ந்தார். இது உம்முடைய வேலை என்று இறைவனிடம் சொல்லிவிட்டுச் சென்றார். காரியம் நன்றாகவே முடிந்தது என்றார். சமையற்கட்டிலிருந்து பின்னர் பாதுகை தைக்கும் பட்டறைக்கு மாற்றினார்கள்; அங்கும் சென்றார். செயலற்ற மௌனத்தின் வாழ்க்கை இதுவன்று.

1666 ஆகஸ்டு 3 அன்று ஜோசப் டி போஃபோர் என்ற குருவானவர் அவரை முதன்முறையாகச் சந்தித்தார். பிற்காலத்தில் லாரன்ஸின் உரைகளைத் தொகுத்து வெளியிட்டவர் இவரே. தம்மைக் காண வந்த அந்தக் கற்றறிந்த மனிதரிடம் சமையற்காரச் சகோதரர் ஒரு நிபந்தனை விதித்தார்: உண்மையாகவே இறைவனுக்குப் பணிசெய்யும் எண்ணம் இருந்தால் விரும்பியபோதெல்லாம் வரலாம், இல்லையேல் மறுபடி வரவேண்டியதில்லை. போஃபோர் செப்டம்பரில் மீண்டும் வந்தார்.